அருளா, கூலியா?

நற்செயலே வீடுபேற்றுக்கு விலை. அருளால் மட்டுமே மீட்பு என்பது சோம்பலுக்கு இடந்தரும் மேனாட்டுச் சரக்கு என்பர் சிலர். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலைக் கடந்து செல்வோர் இவ்வாறு கூறலாமோ? குட்டியைத் தாய்ப்பூனையே கவ்விச் செல்லும் என்னும் உவமையால் தென்கலை வைணவம் அருளின் முதன்மையை நாட்டவில்லையா?

கனி மரத்தை உண்டாக்குவதில்லை. மரமே கனியைத் தருகிறது. விசுவாசத்தால் மீட்கப்பட்டவன் ஆற்றும் தொண்டு நன்றியேயன்றிக் கூலிக்கணக்கன்று. பவுலும் யாக்கோபும் முரண்படவில்லை: முன்னவர் வேரைச் சொன்னார், பின்னவர் கனியைச் சொன்னார்.

1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இக்கோட்பாட்டின் அடிப்படை உண்மைகளில் உடன்பட்டனர். 2006இல் மெதடிஸ்டுகளும் இசைந்தனர். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்கும் ஷார்ட் தெருத் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கும் இடையே அவ்வளவில் வழக்கில்லை. இறைவனைத் தமக்குக் கடன்பட்டவனாக்கும் தருக்கே ஒழியவேண்டும்.