வண்டியோடு ஓடும் பாட்டு

சாலைப் படத்தில் வசனத்தை விட வண்டி ஓடும் நேரம் அதிகம். அந்த ஓட்டம் விடுதலையா, தப்பித்தலா, துக்கமா என்பதைப் பெரும்பாலும் இசைதான் சொல்கிறது. ராக் இசைக்கு இந்த வேலை இயல்பாகவே கைவந்தது. டிரம்ஸின் மாறாத அடி எஞ்சினின் சீரான ஓட்டத்தோடு இணைந்துகொள்கிறது. மின்கிதாரின் நீண்ட இழுப்பு வெட்டவெளியை இன்னும் அகலமாக்குகிறது.

1969இல் டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய ‘ஈஸி ரைடர்’ இதற்கு முன்னோடி. ஸ்டெப்பன்வுல்ஃப், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றோரின், ஏற்கெனவே இசைத்தட்டாக வந்திருந்த பாடல்களே அதில் பெரும்பாலும் ஒலித்தன. அவற்றைக் கேட்டுப் பழகியிருந்த இளைஞர்கள் தங்கள் கோபத்தையும் கனவையும் அந்த மோட்டார் சைக்கிள்களின் மேல் ஏற்றிப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் ராக் பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்குள் புகுந்தே ஊர்ஊராகப் போய்ச் சேர்ந்தது. 2010இல் வந்த லிங்குசாமியின் ‘பையா’ பெங்களூரிலிருந்து மும்பைக்குப் போகும் கார்ப் பயணம். யுவன் சங்கர் ராஜாவின் பாடல்கள் இல்லாமல் அந்தக் காரை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அவை காருக்குள் இருக்கும் இருவரையே பார்க்கின்றன. வழியில் வரும் ஊர்களுக்கு அவற்றில் இடமில்லை. அதே ஆண்டு வந்த மிஷ்கினின் ‘நந்தலாலா’ நேர் எதிர்த் திசையில் நடந்தது. இளையராஜாவின் இசையும், அவர் இசைக்காமல் விட்ட இடங்களும் சேர்ந்து, தாயைத் தேடிப் போகும் இருவரின் வழியில் எதிர்ப்படும் மனிதர்களையும் பொருட்படுத்த வைத்தன. தமிழ்ச் சாலைப் படங்களில் இதற்கு ஈடானது அரிது.

2016 நவம்பரில் வந்த கௌதம் மேனனின் ‘அச்சம் என்பது மடமையடா’வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏ.ஆர். ரகுமான் இசையில் சித் ஸ்ரீராம் பாடிய ‘தள்ளிப் போகாதே’ படத்துக்குப் பல மாதம் முன்பே வெளிவந்து, செல்போன்களிலெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. அழகான இடத்தில் எடுத்த காதல் பாட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குத் திரையில் கிடைத்தது சாலை விபத்து. உயிர் போய்விடும் என்று தோன்றும் கணத்தில் பாட்டு தொடங்குகிறது. மனப்பாடமாக இருந்த பாட்டு அங்கே வேறொன்றாகிவிடுகிறது. கேட்டுப் பழகிய பாட்டின் பலத்தை இவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்திய தமிழ்ப் படம் குறைவு.

அதே படத்தில் கன்னியாகுமரி நோக்கிய பைக் பயணத்துக்கு வரும் ‘ராசாளி’ இன்னும் ஆழமானது. மோகன ராகத்து ‘நின்னுகோரி’ வர்ணமும், அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு’ திருப்புகழும் அதில் கலந்திருக்கின்றன. திருப்புகழின் சந்தத்தில் அடுத்தடுத்து விழும் வல்லொற்றுகளே டிரம்ஸ் அடி போல் வேலை செய்கின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், வாத்தியமே இல்லாமல் வேகம் பிடிப்பது தெரியும். மேற்கே ராக் தந்த உந்துதலை இங்கே 15ஆம் நூற்றாண்டுச் சந்தம் தருகிறது.

சென்னை - திருப்பதி சாலையில் கனகம்மாசத்திரத்தைக் கடந்து போகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி போகும் கூட்டம் பாடிக்கொண்டேதான் நடக்கிறது. டிசம்பர் 31 படித் திருவிழாவில் மலையின் 365 படிகளையும் பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடியபடியே ஏறுகின்றன. களைத்த காலை அடுத்த அடி எடுத்து வைக்கச் செய்வது அந்தத் தாளம். இந்தச் சாலையில் திருத்தணி தாண்டினால் சற்று நேரத்தில் நகரி. டீக்கடைப் பாட்டும் தெலுங்குக்கு மாறிவிடும். காவடிச் சிந்து, லாரி ஹாரன், எல்லை தாண்டியதும் மாறும் பாட்டு என எல்லாம் ஒரே பயணத்தில் கேட்கும் படம் தமிழில் வர வேண்டும். அதற்கு இசையமைப்பாளர் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு இந்தச் சாலையில் ஒருமுறை வந்தாலே போதும்.