பழைய கம்ப்யூட்டருக்குப் புது மேஸ்திரி

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் பலாப்பழம் வரும். மிளகு மூட்டை வரும். ஆரஞ்சுக் கூடை வரும். துண்டில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு, ஒரு பழைய மடிக்கணினியும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மலையில் அதைப் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழேதான் போக வேண்டும். போனால் கடைக்காரர் என்ன சொல்கிறார்?

"அண்ணே, மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லை. ஆனா இதுக்கு இனிமே அப்டேட் வராது. புதுசு வாங்கிடுங்க."

கோளாறு இல்லை, ஆனாலும் புதுசு வாங்க வேண்டும்! இது என்ன கணக்கு?

அக்டோபர் 14

கணக்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி தொடங்கியது. அன்றுதான் மைக்ரோசாப்ட் கம்பெனி, தன் 'வின்டோஸ் 10' என்ற இயங்குதளத்துக்குக் கொடுத்து வந்த ஆதரவை நிறுத்தியது. 2015 ஜூலையில் வெளிவந்த சரக்கு அது. பத்து ஆண்டு ஓடியிருக்கிறது.

இயங்குதளம் என்றால் என்ன? காப்பித் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் இருக்கிறார்கள். கூடை இருக்கிறது. பழமும் பழுத்திருக்கிறது. ஆனால், "நீ அந்த வரிசைக்குப் போ, நீ களத்துக்குப் போ" என்று வேலை பிரித்துக் கொடுக்க ஒரு மேஸ்திரி வேண்டாமா? கம்ப்யூட்டருக்குள் அந்த மேஸ்திரிதான் இயங்குதளம். நீங்கள் எழுத்தைத் தட்டினால் திரையில் காட்டச் சொல்வதும், பிரின்டருக்குத் தகவல் அனுப்புவதும், போட்டோவை எடுத்து வைப்பதும் அவன் வேலை.

இன்னொரு வேலையும் உண்டு. வேலியைப் பார்த்துக்கொள்வது! வேலியில் எங்காவது ஓட்டை விழும். அதைக் கண்டுபிடித்து உள்ளே நுழையக் கெட்டவர்கள் காத்திருப்பார்கள். கம்பெனி அவ்வப்போது ஓட்டையை அடைத்து அனுப்பும். அதுதான் 'அப்டேட்'. அக்டோபர் 14-க்குப் பிறகு அது நின்றுவிட்டது. மேஸ்திரி வேலைக்கு வருகிறான். ஆனால் வேலியை யாரும் அடைப்பதில்லை. இன்று காட்டெருமை வரவில்லை என்பதற்காக என்றைக்கும் வராது என்று இருந்துவிட முடியுமா?

சரி, 'வின்டோஸ் 11' போட்டுக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். 2017-க்கு முன் செய்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்ன தலைமுறை பிராசசர் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. நன்றாக ஓடும் பெட்டிகள்கூட அந்த வாசலில் திரும்பிவிட வேண்டியதுதான்.

ஓராண்டு தவணை ஒன்றும் உண்டு. 2025-ல் அந்தக் கம்பெனி அறிவித்த ஏற்பாட்டின்படி, பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓட்டை அடைத்துத் தரப்படும். தவணை தவணைதான்.

அப்படியானால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்துப் புதுசு வாங்குவதா? இரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல.

வேறு வழி ஒன்று இருக்கிறது. பெட்டியை வைத்துக்கொண்டு மேஸ்திரியை மாற்றுவது!

மிளகுக்கொடி மாதிரி

லினக்ஸ் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1991-ல், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து தேசத்து மாணவர் அதை எழுதத் தொடங்கினார். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உள்ள ஒரு இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்திருந்தார். இருவர் வேலையும் சேர்ந்தது. பிறகு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் கை கொடுத்தார்கள்.

இது எப்படி இலவசமாகக் கிடைக்கிறது? ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ?

சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியைப் பாருங்கள். நல்ல கொடி என்றால் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு போகிறார். அதனால் முதல் தோட்டத்தில் மிளகு குறைந்துவிடுமா? குறையாது. கொடியை அவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். தன் மண்ணுக்கு ஏற்ப வளர்க்கலாம். லினக்ஸும் அப்படித்தான். எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம். சட்டப்படியே! இதில் பணம் பண்ணும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் காசு வாங்குவது ஆலோசனைக்கும் பராமரிப்புக்கும்தான்.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடுவதும் லினக்ஸின் உட்கருதான். பாட்டி பேரனுடன் வீடியோவில் பேசும்போது லினக்ஸைத்தான் பயன்படுத்துகிறாள். அவளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டுக்கே வந்தது, திறக்கவில்லை

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2006, 2007 ஆண்டுகளிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம், ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2007-ல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. தமிழும் மற்ற இந்திய மொழிகளும் அதில் உண்டு.

பிறகு 2011 செப்டம்பர் 15. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய நாள். பிளஸ்-2 படித்த பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பல லட்சம் பேர் கையில் கம்ப்யூட்டர் வந்தது. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வந்தது. அன்று வந்த பெட்டிக்குள் இரண்டு மேஸ்திரிகள் இருந்தார்கள். ஒருவன் வின்டோஸ். இன்னொருவன் பாஸ் லினக்ஸ்.

அதாவது, இன்று எங்கே கிடைக்கும் என்று தேடும் பொருள், அன்று அரசாங்க முத்திரையோடு வீட்டு வாசலுக்கே வந்தது. ஆனால் பல வீடுகளில் அந்த இரண்டாவது கதவை யாரும் திறக்கவே இல்லை. ஏன்?

லினக்ஸ் கஷ்டம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது. நம் ஊரில் வின்டோஸும் இலவசமாகத்தான் கிடைத்தது! கடையில் முன்னூறோ ஐந்நூறோ கூலி கொடுத்தால் 'வின்டோஸ் போட்டு' கொடுத்துவிடுவார்கள். அது உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி என்பதைப் பலர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. திருட்டு மாம்பழம் ருசியாகக் கிடைக்கும்போது, தோட்டக்காரர் கூப்பிட்டுக் கொடுக்கும் மாம்பழத்துக்கு மவுசு ஏது? லினக்ஸ் தமிழ்நாட்டில் தோற்றது விலைக்கு விற்ற வின்டோஸிடம் அல்ல. விலையில்லாமல் வந்த வின்டோஸிடம்.

இன்னொரு காரணம், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதது. பெட்டி கொடுத்தார்கள். பாடம் கொடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளை யாரைக் கேட்கும்? ஆசிரியருக்கு வின்டோஸ் தெரியும். கடைக்காரருக்கு வின்டோஸ் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அதுதான் தெரியும்.

கேரளம் செய்தது

மலையாள நாட்டில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. கம்ப்யூட்டரை மட்டும் இறக்கிவிட்டுப் போகவில்லை. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சையையே லினக்ஸில் வைத்தார்கள். பரீட்சை என்று வந்துவிட்டால் எந்தக் குழந்தைதான் கற்றுக்கொள்ளாது?

அந்தத் திட்டம் பிறகு 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அது கணக்குச் சொன்னது. கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கலாம். ஆனால் 2 லட்சம் பெட்டி ஓடியது நிஜம்.

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-ல் மாற முடிவு செய்து, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி, 2017-ல் மறுபடியும் வின்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 30,000 கம்ப்யூட்டர்களை மாற்றப் போவதாக 2024-ல் அறிவித்தது. பணக்கார நாடுகளே போவதும் வருவதுமாக இருக்கின்றன. எனவே, இது மந்திரம் போட்டது போல் முடியும் காரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எது நடக்கும், எது நடக்காது?

சாதாரணக் குடும்பம் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறது? இன்டர்நெட் பார்க்கிறது. பிள்ளை படிக்கிறது, புராஜெக்ட் எழுதுகிறது. சினிமா, பாட்டு, கல்யாண போட்டோ. அப்பா காப்பி விற்ற கணக்கை ஒரு அட்டவணையில் போட்டு வைக்கிறார். இவ்வளவும் லினக்ஸில் நடக்கும். கடிதம், கணக்கு எழுத 'லிப்ரே ஆபீஸ்' கூடவே வரும். அதுவும் இலவசம், தமிழிலும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் தட்டலாம்.

ஆனால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோணல் மாணல் எழுத்தாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 'டேலி'யில் வரவு செலவு எழுதும் வியாபாரிகளும், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும் அவசரப்படக்கூடாது. அந்த மென்பொருள்கள் லினக்ஸுக்கென்று வருவதில்லை. சில பிரின்டர்களும் முரண்டு பிடிக்கும்.

2011-ல் வந்த மடிக்கணினியில் 2 ஜி.பி. நினைவகம்தான். லினக்ஸ் போட்டாலும் அது இளங்காளை ஆகிவிடாது. ஒரே நேரத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் திணறும். 4 ஜி.பி. இருந்தால் 'லினக்ஸ் மின்ட்' போன்றவை நிம்மதியாக ஓடும்.

இன்னொரு விஷயத்தையும் வீட்டுப் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வின்டோஸுக்காக எழுதிய வைரஸ்கள் பெரும்பாலும் லினக்ஸில் பலிக்காது. ஆனால், "பேங்க்கில் இருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போனில் வரும் திருடனைத் தடுக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது.

மழைக்காலத்தில் வேண்டாம்

மாற்ற நினைப்பவர்கள் முதல் நாளே பழையதை அழிக்க வேண்டியதில்லை. லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். திரை தெரிகிறதா, வைபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று ஒரு வாரம் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டால் போதும். பழைய வின்டோஸ் வந்து நிற்கும்.

இதற்கு இறக்க வேண்டிய கோப்பு சுமார் 3 ஜி.பி. இருக்கும். சிக்னல் சரியாகக் கிடைக்காத மலைக் கிராமத்தில் அதை இறக்குவது பெரும் பாடு. அவசியமும் இல்லை. சேலத்தில் படிக்கும் பிள்ளை ஒருவர் கல்லூரியில் இறக்கி, சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டு வந்தால் போதும். ஒரே பென்டிரைவில் தெருவிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போடலாம். மிளகுக்கொடித் துண்டு மாதிரி, கேட்பாரில்லை.

நிரந்தரமாகப் போடும்போதுதான் கவனம் வேண்டும். 'வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா?' என்று ஒரு கேள்வி வரும். யோசிக்காமல் சரி என்று தட்டிவிட்டால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ போனது போனதுதான். அதனால் போட்டோக்கள், மார்க் ஷீட், பட்டா நகல் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைத்தவை திறக்கின்றனவா என்று இன்னொரு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பாதியில் கரண்டு போனால் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையில் மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழுவது உண்டு. பழைய மடிக்கணினிகளின் பேட்டரியோ அனேகமாகச் செத்துப் போயிருக்கும். வானம் தெளிந்த ஒரு பகல் பொழுதாகப் பார்த்து உட்கார்ந்தால், அரை மணி, முக்கால் மணியில் வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்தான் சோதனை. "இது எங்கே இருக்கிறது? அது எப்படித் திறக்கிறது?" என்று வீட்டில் ஆளுக்கு ஆள் கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் லினக்ஸ் அந்த வீட்டில் நிலைத்துவிடும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே மடிக்கணினி, அதே துண்டில் சுற்றி, மறுபடியும் சேலம் பஸ் ஏறும்.