'ஹோல்' என்றால் வெறும் 'முழு'தானா?

ஆங்கிலத்தில் 'ஹோல்' என்று காதில் விழுந்தால் அது ஓட்டையாகவும் இருக்கலாம், முழுமையாகவும் இருக்கலாம். எழுதும்போதுதான் முழுமைக்கு முன்னால் ஒரு டபிள்யூ வரும். அதுவும் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் காயமில்லாத, நலமான என்று பொருள். 'ஹீல்', 'ஹெல்த்' எல்லாம் அதே குடும்பம்!

பள்ளிக்கூடத்தில் 'ஹோல் என்றால் முழு' என்று மனப்பாடம் செய்வதோடு சரி. ஆனால் புழக்கத்தைப் பாருங்கள். 'ஹோல் மில்க்' கொழுப்பு எடுக்காத பால். 'ஹோல் வீட்' தவிடு நீக்காத கோதுமை. 'ஹோல் நம்பர்' பின்னமில்லாத எண். 'ஹோல்சேல்' பிரிக்காமல் மொத்தமாக விற்பது. அதற்கு எதிரான 'ரீடெயில்' வந்ததோ வெட்டுதல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. ஆக, எதையும் எடுக்காமல், உடைக்காமல் இருப்பதுதான் ஹோல். கூட்டினால் வருவது டோட்டல்.

காமர்ஸ் மாணவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நஷ்டஈட்டை ஆங்கிலச் சட்டமொழியில் 'மேக் ஹோல்' என்பார்கள். இழந்தவரை இழப்புக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருவது என்று அர்த்தம். எரிந்துபோன சரக்குக்கு அது சரி. இயந்திரத்தில் கையை இழந்த தொழிலாளிக்கு? காசோலை கொடுத்தால் கணக்கில் டோட்டல் சரியாகிவிடும். அந்த மனிதர் ஹோல் ஆகிவிடுவாரா?