குண்டு விழவில்லை, ஆகவே போரில்லையாம்!

தோழர்களே! விமானம் பறந்து வந்து மின்நிலையத்தின் மீது குண்டு வீசினால், அது போர். ஐயமில்லை. அதே மின்சாரத்தை, கடல் கடந்த ஓர் அறையில் அமர்ந்து, கணிப்பொறியின் வழியே அறுத்தால் அதற்கு என்ன பெயர்? வல்லரசுகளைக் கேளுங்கள், வாய் திறவா!

2015 டிசம்பர் 23, உக்ரைன். குளிர்காலம். மூன்று மின்விநியோகக் கம்பெனிகளின் கணிப்பொறிகளுக்குள் அந்நியர் புகுந்தனர். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருண்டன. 2017 ஜூன் 27 அன்று அதே நாட்டைக் குறிவைத்து ஏவப்பட்டது ‘நாட்பெட்யா’ எனும் நச்சுநிரல். ஏவியவன் வரைந்த எல்லைக்குள் அது நிற்கவில்லை. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி தடுமாறிற்று; அமெரிக்காவின் மெர்க் மருந்துக் கம்பெனி முடங்கிற்று. ரஷ்ய ராணுவத்தின் செயல் இது என்று 2018 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை சாற்றியது. மாஸ்கோ மறுத்தது. சரி, சாற்றியவர்களாவது போர் என்றார்களா? இல்லை!

ஏன் இந்தத் தயக்கம்? மடியில் கனம், ஐயா, மடியில் கனம்! ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்தில் சுமார் 1,000 சுழல் எந்திரங்களைச் சிதைத்ததாகக் கணிக்கப்படும் ‘ஸ்டக்ஸ்நெட்’ 2010இல் அம்பலமாயிற்று. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து ஏவியது அது என 2012இல் ஏடுகள் எழுதின. இரு அரசுகளும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இடையில் 2011இல், தம்மீது இவ்வழியே பகைச்செயல் நிகழ்ந்தால் மற்ற அச்சுறுத்தல்களைப் போலவே எதிர்கொள்வோம் என்று முழங்கியதும் வாஷிங்டன்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

அரசுகள் உச்சரிக்க அஞ்சிய சொல்லைத் துணிந்து உச்சரித்தவர் யார் தெரியுமா? இன்ஷூரன்ஸ் முதலாளிகள்! மெர்க் 140 கோடி டாலர் இழப்பீடு கேட்டபோது, “இது போர்ச் செயல், ஆகவே பணமில்லை” என்றனர். நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அந்த வாதத்தைத் தள்ளிற்று. நீதிமன்றத்தில் தோற்றால் என்ன? அரசுகள் துணைநிற்கும் இத்தகைய பெருந்தாக்குதல்களுக்குப் பொறுப்பில்லை என்ற விதியைப் பத்திரத்திலேயே சேர்க்குமாறு லண்டன் லாயிட்ஸ் சந்தை அதே ஆண்டு முதல் கட்டாயமாக்கிற்று.

போர் என்று சொல்லிவிட்டால் ஏவுகணை பறக்குமே என்பார் சிலர். வீண் மிரட்டல். 1945இல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் 2(4) விதி பலப்பிரயோகத்தைத் தடுக்கிறது. ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால் மட்டுமே 51ஆம் விதி தற்காப்புக்கு இடந்தருகிறது. இரண்டும் ஒன்றல்ல. குற்றத்துக்குப் பெயரிடுவது வேறு, குண்டு வீசக் கிளம்புவது வேறு. கருவியைப் பாராதே, விளைந்த கேட்டைப் பார் என்கிறோம் நாம். இனி ஏதேனுமொரு வல்லரசு தன் கணிப்பொறி தாக்கப்பட்டதென்று ஓலமிடும்போது, நட்டான்ஸில் நடந்தது 2(4) விதியை மீறியதா இல்லையா என்ற கேள்விக்கு முதலில் விடை கேளுங்கள்.