மஞ்சள் இலைத் தைலமும் அதன் மருந்துக் குணமும்

ஈரோடு, சேலம், தருமபுரி, கோயமுத்தூர் ஜில்லாக்களில் மஞ்சள் சாகுபடி செய்யும் குடியானவர்கள் வைகாசி, ஆனி மாதங்களில் விதைக்கிழங்கை ஊன்றி, எட்டு ஒன்பது மாத காலம் தண்ணீர் பாய்ச்சிப் பாதுகாத்து, தை முதல் பங்குனி வரையில் வெட்டி எடுக்கிறார்கள். கிழங்கு வெட்டுவதற்கு முன்பாக இலையையும் தண்டையும் தரையோடு அறுத்து ஒதுக்குவது வழக்கம். இத்தழையில் சிறிது பாகம் கிழங்கு வேகவைக்கும் கொப்பரையின் மேல் மூடுவதற்கு உதவுகிறது. பொங்கற் பானையின் கழுத்தில் கட்டும் கொத்துக்காகச் சில செடிகள் விலை போகின்றன. மீதித் தழை பெரும்பாலும் வரப்போரத்தில் காய்ந்து கிடக்கிறது, அல்லது நெருப்பிடப்படுகிறது.

இவ்விலையில் ஒருவித வாசனைத் தைலம் உண்டென்பதும், அத்தைலத்துக்குச் சில மருந்துக் குணங்கள் உண்டென்பதும் ஆராய்ச்சிச் சாலைகளில் தெரிய வந்திருக்கும் விஷயங்கள். இதைக் கேட்ட மாத்திரத்தில் கடன் வாங்கி வாலை வைத்துவிடலாமென்று முற்படுவது விவேகமன்று. அது படித்தவர்கள் பேச்சு என்று தள்ளிவிட்டுத் தழைக்கு நெருப்பு வைப்பதும் விவேகமன்று. இரண்டுக்கும் இடையில் குடியானவருக்கு நஷ்டமில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதை நிதானமாக யோசிப்பது அவசியம்.

இலையில் இருப்பது யாது?

இஞ்சி, ஏலம், அரத்தை, மாங்காய் இஞ்சி, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு ஆகியவை யாவும் மஞ்சளோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பச் செடிகளில் வாசனைத் தைலம் கிழங்கிலோ விதையிலோ மட்டும் இருப்பதன்று, இலையிலும் இருக்கிறது. பச்சை மஞ்சள் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பவர் எவரும் இதை அறிவர். ஒடிசாவில் மாவுப் பண்டத்தை மஞ்சள் இலையில் சுருட்டி ஆவியில் வேகவைக்கிறார்கள். கொங்கணக் கரையிலும் இவ்வழக்கம் உண்டு. சுமத்திரா தீவில் மாமிசக் குழம்பில் இவ்விலையைச் சேர்ப்பார்கள். வாசனை கருதியே இவை யாவும் ஏற்பட்டன.

இலைத் தைலமும் கிழங்குத் தைலமும் ஒன்றல்ல. கிழங்குத் தைலத்தில் டர்மரோன் என்னும் வஸ்துக்களே பிரதானம். இலைத் தைலத்தில் ஆல்பா பெலாண்ட்ரீன், டெர்பினோலீன், சினியோல், பாரா சைமீன் முதலியவை காணப்படுகின்றன. இவற்றுள் சினியோல் என்பது நீலகிரித் தைலத்திலும் ஏலத்திலும் உள்ள வஸ்துவே. தென்னாட்டு இலைகளில் பெலாண்ட்ரீன் மிகுந்தும், வடநாட்டு இலைகள் சிலவற்றில் டெர்பினோலீனோ பாரா சைமீனோ மிகுந்தும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். ரகம், மண், அறுக்கும் பருவம், உலர்த்தும் விதம் இவற்றைப் பொறுத்துத் தைலத்தின் அளவும் குணமும் மாறும்.

இன்னொரு விஷயமும் தெளிவாக இருக்கவேண்டும். மஞ்சளுக்கு நிறத்தைத் தரும் குர்க்குமின் என்னும் வஸ்து நீராவியோடு ஆவியாகி வருவதில்லை. ஆகையால் வாலையில் வடித்த தைலத்தில் குர்க்குமின் கிடையாது. குர்க்குமினைப் பற்றிச் சொல்லப்படும் குணங்களை இலைத் தைலத்தின் மேல் ஏற்றி ஒருவர் விற்க வந்தால், அவர் விஷயம் அறியாதவர் அல்லது அறிந்தே ஏமாற்றுபவர்.

பரீட்சைகள் காட்டுவது எவ்வளவு?

லக்னோவிலுள்ள மத்திய மருந்து, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் மஞ்சள் இலைத் தைலத்தைத் தானியக் களஞ்சியப் பூச்சிகள் மூன்றின் மேல் பரீட்சித்து 2002-ம் வருஷம் முடிவுகளை வெளியிட்டார்கள். தானியத் துளைப்பான், அரிசி வண்டு, சிவப்பு மாவு வண்டு என்ற இம்மூன்றையும் தைலம் கொல்வதோடு, சிவப்பு மாவு வண்டு முட்டையிடுவதையும் அதன் முட்டை பொரிப்பதையும் குறைக்கக் கண்டார்கள்.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 2011-ல் வெளியிட்ட பரீட்சை நிலக்கடலை பயிரிடுவோர் மிகவும் கவனிக்கத்தக்கது. ஈரம் காயாத கடலையிலும் சோளத்திலும் பிடிக்கும் ஒரு பூஞ்சணம் அப்லாடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இவ்விஷமேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்று மாண்டதனாலேயே இது வெளிப்பட்டது. மனிதருடைய கல்லீரலையும் இது கெடுக்கும். நமது கடலை அயல் தேசங்களில் தள்ளப்படுவதற்கும் இதுவே ஒரு காரணம். மஞ்சள் இலைத் தைலத்தை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்த்த ஊட்டத்தில் மேற்படி பூஞ்சணத்தின் வளர்ச்சி தடைப்பட்டதென்றும், அது விஷத்தை உண்டாக்கவில்லை என்றும் அந்நிலையத்தார் கண்டார்கள்.

இவை நல்ல செய்திகளே. ஆனால் இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமென்பதற்கு ஓர் எல்லை உண்டு. கண்ணாடித் தட்டில் கிருமி சாவது ஒன்று; மனித தேகத்தில் வியாதி தீர்வது வேறு. உப்பும் காடியும்கூடத் தட்டில் பல கிருமிகளைத் தடுக்கும். அதனால் அவை ஜுரத்துக்கு மருந்தாகிவிடவில்லை. தட்டில் வேலை செய்த அளவைத் தேகம் தாங்குமா, இரத்தத்தில் கலந்தபின் அக்குணம் நிற்குமா, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தீங்கில்லையா என்ற கேள்விகளுக்கெல்லாம் முறையான வைத்தியப் பரீட்சையால் விடை கிடைத்த பிறகே ஒரு வஸ்துவை மருந்தென்று சொல்லலாம். மஞ்சள் இலைத் தைலத்துக்கு அந்நிலை இன்னும் வரவில்லை.

வடித்த தைலம் மிகவும் உறைப்பானது. வீட்டில் இலையைச் சமையலில் சேர்ப்பதற்கும், பல கிலோ இலையின் சாரத்தை ஒரு கரண்டியில் விழுங்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. நீலகிரித் தைலத்தை அறியாமல் குடித்த குழந்தைகள் வலிப்புக் கண்டு ஆபத்துக்குள்ளாவது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். சினியோல் உள்ள எந்தத் தைலத்துக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டப்படி, சித்த, ஆயுர்வேத மருந்துகளையும்கூட லைசென்சு இல்லாமல் விற்பனைக்குத் தயாரிக்கக்கூடாது. நீரிழிவு, புற்றுநோய் முதலிய வியாதிகளைத் தீர்க்குமென்று விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சந்தையிலும் திருவிழாவிலும் புட்டிகளை அடுக்கி இவ்வாறு கூவி விற்பவர் வந்தால், கிராம அதிகாரிகள் அதை வேடிக்கையாக விட்டுவிடாமல் மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது நலம். ஏழை நோயாளி பணத்தை இழப்பதோடு சிகிச்சைக்குரிய காலத்தையும் இழக்கிறார். ஒரு முறை பொய் மருந்தென்று பெயர் பட்டுவிட்டால் நாளை நியாயமான விலை கிடைக்கக்கூடிய சரக்கும் கெட்டுப்போகும். அந்த நஷ்டம் மஞ்சள் குடியானவருடையதே.

வரவு செலவு

தைலம் எடுப்பது கடினமான வித்தையன்று. இலையைக் கலத்தில் அடைத்து நீராவியைச் செலுத்தினால் ஆவி தைலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அதைக் குளிரவைத்தால் தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். வாசனைப்புல்லிலிருந்தும் நீலகிரி இலையிலிருந்தும் தைலம் வடிப்பவர் இதே முறையைக் கையாளுகிறார்கள்.

லாபம் எவ்வளவு என்பதே கேள்வி. பச்சையிலையில் தைலம் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. அரைப் பங்கு கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், 1,000 கிலோ இலையை அறுத்து, சுமந்து, விறகெரித்து வடித்தால் வருவது 5 கிலோ தைலம். அறுப்புக் கூலி கிழங்கு வெட்டும் செலவிலேயே அடங்கும் என்பது ஒரு சௌகரியம். ஆனால் பாரமான இலையை வெகுதூரம் வண்டியேற்றினால் லாபம் வண்டிச் சத்தத்தில் போய்விடும். வாலை வேலை செய்யும் காலமும் வருஷத்தில் இரண்டு மூன்று மாதமே. ஆகையால் தனிக் குடியானவர் ஒருவர் மஞ்சள் இலையை மாத்திரம் நம்பி வாலை வாங்குவது தகாது. அடுத்தடுத்த கிராமத்தார் கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் கம்பெனியாகவோ கூடி ஒரு வாலை வைத்து, மீதி மாதங்களில் வாசனைப்புல் முதலியவற்றையும் வடிப்பதே நிலைக்கத்தக்க ஏற்பாடு. அதுவும், வாங்குபவர் யாரென்று எழுத்து மூலம் தெரிந்துகொண்ட பிறகே வாலைக்கு முன்பணம் கொடுக்கவேண்டும்.

தழையை நிலத்தில் மக்கவிடுவதே மேல் என்று சில அனுபவஸ்தர்கள் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் நியாயமானது, ஆனால் தைலம் எடுப்பதற்கு அது தடையன்று. தைலத்தில் தழைச்சத்தோ, மணிச்சத்தோ, சாம்பல்சத்தோ இல்லை. அவை யாவும் வடித்துக் கழித்த இலையிலேயே தங்குகின்றன. அவ்விலையை எருக்குழியில் சேர்த்தால் நிலத்துக்கு உரியது நிலத்துக்கே திரும்பும். இலைப்புள்ளி நோய் கண்ட தழையிலுள்ள பூஞ்சணமும் நீராவியில் அழியும். நெருப்பிடுவதில் இந்த நன்மைகள் ஒன்றுமில்லை. தழைச்சத்து புகையாய்ப் போகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, தைலத்தை உத்தேசித்து இலையை முன்னதாக அறுக்கக்கூடாது. கிழங்கு பருக்க உணவு சமைப்பது இலையே. இலையில் பத்து ரூபாய் சம்பாதிக்கக் கிழங்கில் நூறு ரூபாயை விடுவது சாகுபடியன்று. செடி முதிர்ந்து இலை மஞ்சளிக்கும் பருவமே அறுப்புக்கு உரியது.

இரண்டாவது, அறுத்த இலையை வெயிலில் பரப்பினால் தைலம் காற்றில் போய்விடும். நிழலில் வாடவைத்துத் தாமதமின்றி வடிக்கவேண்டும்.

மூன்றாவது, பூச்சிமருந்து தெளித்த வயலின் இலையைச் சோதனையின்றி மருந்துக்கான தைலத்துக்குப் போடலாகாது. தெளித்த விஷத்தில் ஒரு பாகம் ஆவியோடு வந்து தைலத்தில் சேரக்கூடும்.

நான்காவது, இத்தைலத்தின் முதல் உபயோகத்தை நோயாளியின் படுக்கையில் தேடாமல் தானியக் களஞ்சியத்தில் தேடுவது உசிதம். பூஞ்சணத்தையும் வண்டையும் பற்றிய பரீட்சைகளே இன்று கையிலிருக்கும் பலமான சாட்சி. விதைக்கடலையிலும் விதைநெல்லிலும் இதைச் சிறு அளவில் பரீட்சித்து, முளைப்புக்குக் குறைவு வருகிறதா என்று பார்ப்பது விவசாய இலாகாவுக்கு உரிய வேலை. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 என்ற மஞ்சள் ரகங்களை வெளியிட்டது. ரகங்களைக் கிழங்கு மகசூலால் தரம் பிரிப்பதுபோல, இலைத் தைலத்தின் அளவாலும் குணத்தாலும் தரம் பிரித்துக் குடியானவர்களுக்கு அறிவித்தால் வீண் அலைச்சல் குறையும்.

மருந்துக் குணம் உண்டா இல்லையா என்பதை வைத்தியசாலைகளும் ஆராய்ச்சிச் சாலைகளும் தீர்மானிக்கட்டும். அதுவரையில் மஞ்சள் இலையைக் கொளுத்தாமலும், அதைச் சர்வரோக நிவாரணி என்று நம்பாமலும் இருப்பது குடியானவரின் கையிலேயே இருக்கிறது. வரும் தை மாதத்து அறுப்பில் சில கிராமத்தாராவது தழையை எருக்குழிக்குச் சேர்த்து, தைல விஷயமாகச் சங்கத்தில் கூடி யோசிப்பார்களேயானால், அதுவே நல்ல ஆரம்பமாகும்.