முகூர்த்தக் கிரயமும் வக்கீல் பிழையும்

வீடு கிரயம் வாங்கப் புறப்படும் நம் மக்கள் முதலில் தேடுவது ஜோசியனை. அடுத்தபடியாகத் தேடுவது வாஸ்துக்காரனை. ராகுகாலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் கழித்து மிஞ்சிய நாளில் ரிஜிஸ்டர் ஆபீசில் கூட்டம் தாங்குவதில்லை. போதாக்குறைக்குப் பதிவுத் துறையே சுபமுகூர்த்த தினமென்று அன்றைக்கு அதிகப்படி டோக்கன் கொடுக்கிறது. சர்க்காருக்கே பஞ்சாங்கம் வேண்டியிருக்கிறதென்றால் சாமான்ய ஜனங்களை நொந்து பயனென்ன?

ஆனால் நேரத்தை இவ்வளவு கவனிக்கிறவர், பத்திரத்திலுள்ள சர்வே நம்பரையும் நான்கெல்லையையும் ஒரு தடவை படித்துப் பார்க்கிறாரா? கிடையாது. "வக்கீல் பார்த்தாய்விட்டது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். பிறகு தான் தெரிகிறது, நம்பரில் ஒரு இலக்கம் மாறி அடுத்த மனை எழுதப்பட்டிருப்பதும், வில்லங்கத்தில் பழைய அடமானம் ஒன்று கவனிக்கப்படாமல் போனதும். எல்லாவற்றிலும் அதிகமாய் நடப்பது, கூடப்பிறந்த பெண்களின் கையெழுத்தில்லாமல் ஆண்மக்கள் மாத்திரம் விற்றுவிடுவது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தபோது சிரித்தார்கள். அது 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் மத்திய சர்க்காராலும் சட்டமாயிற்று. பெண்களின் பங்கை மறந்து "உரிமை சுத்தம்" என்று எழுதிக் கொடுக்கிற வக்கீலின் யோக்கியதையை என்னவென்பது!

இப்படிப் பணத்தை இழந்தவர் என்ன செய்கிறார்? "தலைவிதி" என்கிறார், வீட்டு ராசி சரியில்லையென்று ஹோமம் வளர்க்கிறார். புரோகிதனுக்கு இரண்டாந்தடவையும் வருமானம். தலையில் எழுதியவனை யாரும் கண்டதில்லை. பத்திரத்தில் எழுதியவனோ ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலேயே இருக்கிறான்.

சட்டம் என்ன சொல்லுகிறது? வெறும் எழுத்துப் பிழையானால் இரு கட்சியாரும் சேர்ந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதியலாம். விற்றவர் கையெழுத்திட மறுத்தால் 1963-ம் வருஷத்திய குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி சிவில் கோர்ட்டில் கேட்கலாம். உரிமையிலுள்ள குறையை விற்கிறவர் மறைக்கக்கூடாதென்று 1882-ம் வருஷத்திய சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு கூறுகிறது. பதிவாகிவிட்டதாலேயே சொத்து உறுதியென்று எண்ணுவது இன்னொரு மூடநம்பிக்கை. விற்பவரின் உரிமையை விசாரிப்பது சப்-ரிஜிஸ்ட்ராரின் வேலையல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2025-லும் சொல்லியிருக்கிறது.

இனி வக்கீல். அஜாக்கிரதையால் கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தால், வக்கீல் என்கிற காரணத்தாலேயே அவர் வழக்கிலிருந்து தப்ப முடியாதென்று 1926-ம் வருஷத்திய வக்கீல் பீஸ் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்லுகிறது. நூறு வருஷத்துச் சட்டம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தவறான அபிப்பிராயம் கொடுத்ததற்காக மாத்திரம், சதியில் சேர்ந்ததற்கு ருஜுவில்லாமல், கிரிமினல் குற்றம் சாட்ட முடியாதென்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அது நியாயமே. வக்கீல் சங்கக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அவருக்குத் தண்டனை கிடைக்கலாம், நமக்குப் பணம் கிடைக்காது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமென்றால், அந்தக் கதவை 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அடைத்துவிட்டது. வக்கீல் தொழில் தனி வகையானதாம். 1995-ல் டாக்டர்களை அதே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்களே, உயிரைக் காக்கிற தொழிலைவிடப் பத்திரம் பார்க்கிற தொழில் எந்த விதத்தில் உயர்ந்தது? தட்சணை வாங்குவேன், பலனுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லுகிற கூட்டம் ஒன்று நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதாதா? சிவில் கோர்ட்டில் ஏழை, கோர்ட் கட்டணம் கட்டி, வக்கீலுக்கு விரோதமாய் இன்னொரு வக்கீலைத் தேடி அலைய வேண்டும்.

ஆனாலும் போகத்தான் வேண்டும். இவ்வழக்குகளுக்குப் பெரும்பாலும் 3 வருஷமே கெடு. மோசடியும் பிழையும் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு என்றாலும், கவனித்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்றும் கோர்ட் கேட்கும். பரிகாரம் செய்து காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கெடுவில் கழிகிறது.

கடன் கொடுக்கும் பாங்கியின் வக்கீல் எழுதுவது பாங்கிக்கு. வாங்குகிறவர் தன் பெயருக்குத் தனியே எழுத்து மூலம் அபிப்பிராயமும், கொடுத்த பீஸுக்கு ரசீதும் கேட்டு வாங்க வேண்டும். ரசீது என்றதும் முகஞ்சுளிக்கிறவரிடம் பத்திரத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுவதே நலம்.