பல்பு வாங்கிய ராத்திரி!

பெரணமல்லூர்ல நாங்க எடுத்த குறும்படத்துக்கு மொத்த பட்ஜெட் 4,000 ரூபாய். அதுல லைட்டுக்கு 600, பிரியாணிக்கு 1,100. எது முக்கியம்னு எங்களுக்கு நல்லாவே தெரியும்!

ஹீரோ, தறி வீட்டுப் பையன். நடிக்கிறவனும் நிஜத்தில் தறி வீட்டுப் பையன்தான். நடுராத்திரி தெருவில் தனியா நடந்து வரணும். அந்த ராத்திரியை விட்டா ஆள் கிடைக்க மாட்டான். விடிகாலை 5 மணி பஸ்ஸில் ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புறான்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கொடுத்த 500 வாட்ஸ் ஹாலஜனை கேமரா பக்கத்திலேயே வெச்சு சுவிட்சைத் தட்டினோம். ஸ்கிரீன்ல பார்த்தா... மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர், பின்னாடி தெருவையே காணோம்! தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. பிசிக்ஸ் பேப்பரில் எழுதி மார்க் வாங்கினதுதான். 3 அடியில் நிக்கிறவன் வெந்து போவான். 30 அடி தள்ளி இருக்கிற திண்ணைக்கு அதில் நூறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

சரி, ஜன்னல் வழியா வெளிச்சம் வரட்டும்னு லைட்டைத் தறி பக்கம் கொண்டு போனா, ஹீரோவோட அம்மா ஓடி வந்தாங்க. "டேய் தம்பி, அத மொதல்ல வெளிய எடு! தறியில பாதிச் சேலை நிக்குது." ஹாலஜனைத் தொட்டுப் பார்த்தவங்களுக்கு அந்தச் சூடு தெரியும். பட்டு பாழானா அவங்க கூலி போச்சு. எங்க 4,000-ல அதைக் கட்டவும் முடியாது. கப்சிப்னு வெளியே வந்துட்டோம்.

மணி ரெண்டு. திண்ணையில் படுத்திருந்த தாத்தா அதுவரைக்கும் வேடிக்கைதான் பார்த்துட்டு இருந்தார். சின்ன வயசில் தெருக்கூத்துல கியாஸ் லைட்டுக்குக் காத்து அடிச்சவராம். இந்தப் பக்கம் கூத்துக்குக் கேட்கவா வேணும்? புரிசை செய்யாறு பக்கம்தானே! விடிய விடிய நடக்கிற ஆட்டத்துக்கு வெளிச்சம் காட்டினவர் சொல்றார்: "எதுக்குடா மூஞ்சியில குத்துற? உசர ஏத்து. அவனுக்குப் பின்னால வை."

எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஏத்தினோம். தெருவில் நாலு குடம் தண்ணி. அவ்வளவுதான் பாஸ், ஈரத் தரை மினுமினுக்குது, ஹீரோ தோளில் பளிச்னு ஒரு கோடு! முகத்துக்கு? கேமரா பக்கம் ரெண்டு பேர் வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிச்சாங்க. அதில் பட்டுத் திரும்பின வெளிச்சமே போதும். (ஸ்டான்லி குப்ரிக் 'பேரி லிண்டன்' படத்தில், 1975, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுக்க, நாசாவுக்காகச் செஞ்ச லென்ஸ் வாங்கினார். நமக்கு வேட்டி!)

அடுத்த தலைவலி, தெரு லைட் வெளிச்சம் ஸ்கிரீன்ல கோடு கோடா ஓடிச்சு. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/60-லிருந்து 1/50-க்கு மாத்தினதும் கோடு காலி.

'கைதி' (2019), 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) ரெண்டையும் மறுபடி போடுங்க. கதையை விட்டுட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு மட்டும் பாருங்க. செம டைம்பாஸ்!

4.10-க்கு ஷாட் ஓகே. முகத்துப் பவுடரைக்கூடத் துடைக்காம ஹீரோ பஸ் ஏறிட்டான். ஒரு க்ளோஸ்-அப் மட்டும் பாக்கி. பொங்கலுக்கு வர்றானாம். மச்சி, அதுவரைக்கும் முடி வெட்டிடாதேடா!